கட்டுமான கம்பெனிக்கு சாஃப்ட்வேர் வாங்கப் போகிறவர்களுக்கு: நாங்கள் ஐந்து லட்சம் விட்ட கதை

போன வாரம் கரூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் அழைத்தார். அவரும் கட்டட கான்ட்ராக்டர்தான். "மேடம், சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க கொடுத்த கஸ்டமர் லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. உங்களுக்கு எப்படிப் போகுது?" என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. அவர்கள் சங்காத்தமே வேண்டாம் என்று நாங்கள் விலகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முக்கால் மணி நேரம் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். அதையே இங்கே எழுதிவைக்கிறேன். கம்பெனியின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். போட்டும் பெரிய பிரயோஜனமில்லை. இதே பேச்சைப் பேசி விற்கிறவர்கள் நாலைந்து பேரை அதற்கப்புறம் பார்த்துவிட்டேன்.

எங்களுடையது திருச்சியில் அப்பா ஆரம்பித்த கம்பெனி. பிரைவேட் லிமிடெட் என்று போர்டு இருக்குமே தவிர, ஆபீஸில் நானும் கணக்கு பார்க்கிற அக்காவும் ஒரு பையனும்தான். சைட்டெல்லாம் தம்பி பொறுப்பு. 2023இல் ஒரே சமயத்தில் மூன்று வேலை ஓடியது: ஒரு தனியார் பள்ளிக் கட்டடம், ஒரு கல்யாண மண்டபம், ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடி. கணக்கு டேலி சாஃப்ட்வேரில், பில் எக்ஸெல்லில், சரக்கு வரவு சைட் நோட்டில். அந்த வருடம் ஒரு லோடு எம்-சாண்டுக்கு (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) இரண்டு தடவை பணம் போய்விட்டது. சப்ளையர் நல்ல மனுஷன், அவரே கூப்பிட்டுச் சொன்னார். "எல்லாத்தையும் ஒரே இடத்துல பார்க்கிற மாதிரி ஏதாவது வாங்கும்மா" என்றார் அப்பா. அங்கேதான் ஆரம்பித்தது.

டெமோ காட்ட வந்த சேல்ஸ்காரருக்கு வாய் சாதுரியம் அதிகம். லேப்டாப்பில் வில்லா ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்தார். சிமெண்ட் 1,000 மூட்டை வரவு, 600 செலவு, 400 இருப்பு. பச்சையில் ஒரு வட்டம், ஆரஞ்சில் ஒரு வட்டம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் சைட்டில் எந்தக் கணக்கும் இப்படி ரவுண்டான எண்ணாக வந்ததே கிடையாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் கேட்டதற்கெல்லாம் "வரும் மேடம்" என்ற ஒரே பதில்தான். வராதது ஏதாவது இருந்தால் "கஸ்டமைஸ் பண்ணிக் கொடுத்துடலாம்". அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "ரன்னிங் பில் போடுமா?" "போடும் சார்." அந்த சேல்ஸ்காரரின் அகராதியில் ரன்னிங் பில் என்றால் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற பில், அவ்வளவுதான் என்று தெரிய எங்களுக்கு மூன்று மாதம் ஆனது.

விலை 4,80,000. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 5,66,400. ஆர்டரோடு 50 சதவீதம், 'இன்ஸ்டலேஷன்' முடிந்ததும் 40, டிரெயினிங் முடிந்ததும் 10. எனக்கு இது நியாயமாகவே பட்டது. வீடு கட்டும்போது நாங்களும் பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாகத்தானே வாங்குகிறோம். ஆனால் ரூஃப் போட்டால் கண்ணால் பார்க்கலாம். இது கிளவுடில் ஓடுகிற சாஃப்ட்வேர். ஆர்டர் கொடுத்த ஒன்பதாவது நாள் லாகின் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் மெயிலில் வந்தன. அதுதான் இன்ஸ்டலேஷனாம். ஆர்டர் பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது, கையெழுத்து என்னுடையது. ஒரு பில்கூடப் போட்டுப் பார்க்காமல் 5,09,760 ரூபாய் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து முதலில் வந்த இன்ஜினியருக்கு சிவில் வேலை கொஞ்சம் தெரிந்திருந்தது. அவர் இரண்டு வாரத்தில் வேலையை விட்டுப் போனார். அடுத்து வந்த பையன் காலேஜ் முடித்த கையோடு வந்தவன். கான்கிரீட் ஊற்ற அச்சாக வைக்கிற ஷட்டரிங் ஷீட்டைக் கடை ஷட்டர் என்று நினைத்துக்கொண்டு, "மேடம், இது ஒரு தடவை மாட்டினா அவ்வளவுதானே?" என்று கேட்டான். தினவாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சென்ட்ரிங் சாமான் முழுவதையும் செலவான பொருளாகப் பதிந்திருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் எதையும் சொல்லித்தந்திருக்கவில்லை.

இப்போது ரன்னிங் பில்லுக்கு வருகிறேன். தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய தேதிவரை முடிந்த மொத்த அளவை எழுதி, அதில் முந்தைய பில்வரை கொடுத்ததைக் கழித்து, மிச்சத்துக்குத்தான் பணம் கேட்போம். பள்ளி வேலையில் ரூஃப் கான்கிரீட் அக்ரிமென்ட்படி 90 கன மீட்டர். முதல் பில்லில் 40 முடிந்திருந்தது. இரண்டாவது பில்லின்போது மொத்தம் 65. ஆக இந்தத் தடவை 25க்குத்தான் பணம். சாஃப்ட்வேர் 65ஐப் புதிதாக விற்ற சரக்காக எடுத்துக்கொண்டது. 40ம் 65ம் 105. அப்பாவின் ஃபோனில் டேஷ்போர்டு பச்சைப்பசேலென்று காட்டியது: ரூஃப் வேலை 117 சதவீதம் முடிந்தது. தம்பி அப்போது சைட்டில் மூன்றாவது ஸ்லாபுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான்.

பிடித்தங்கள் இன்னும் மோசம். பில் தொகையில், வேலை கொடுத்த பார்ட்டி 2 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார், 5 சதவீதம் ரிடென்ஷன் பிடிப்பார், ஆரம்பத்தில் கொடுத்த மொபிலைசேஷன் அட்வான்ஸில் ஒரு பங்கைக் கழிப்பார். மூன்றும் மூன்று விதம். டி.டி.எஸ். எங்கள் வரிக் கணக்கில் போய்ச் சேரும். அட்வான்ஸ் நாங்கள் ஏற்கெனவே வாங்கியது. ரிடென்ஷன், வேலை முடிந்து ஒரு வருடம் கழித்து எங்களுக்கு வர வேண்டிய பணம். சாஃப்ட்வேரில் இருந்ததோ ஒரே கட்டம், 'டிஸ்கவுன்ட்'. அந்த இன்ஜினியர் பையன் ரிடென்ஷனை அதில் போட்டான். 62 லட்ச ரூபாய் பில்லில் 3,10,000 ரூபாய் எங்களுக்கு வர வேண்டியது என்கிற தடயமே லெட்ஜரில் இல்லாமல் போனது. அது மட்டுமா? இன்வாய்ஸில் தள்ளுபடி என்று காட்டினால் ஜி.எஸ்.டி. போடுகிற மதிப்பே குறைந்துவிடும். அக்கா மட்டும் டேலியை நிறுத்தாமல் வைத்திருக்காவிட்டால் ரிட்டர்னில் என்ன போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. "ரெண்டு எடத்துல எதுக்குக்கா எழுதுறீங்க?" என்று நானே அவரைக் கடிந்துகொண்டிருக்கிறேன். அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கம்பி விஷயம் வேறு. கம்பியை எடையில் வாங்குவோம், சைட்டில் எண்ணிக் கொடுப்போம். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். இது சைட்டில் சின்னப் பையனுக்கும் தெரிந்த கணக்கு. 12 எம்.எம். என்றால் மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி சுமார் 10.66 கிலோ. 5 டன் வாங்கினால் 469 கம்பி வரும். இந்த சாஃப்ட்வேரில் ஒரு பொருளுக்கு ஓர் அளவுதான். என்ன செய்வது என்று கேட்டதற்கு, "ரெண்டு ஐட்டமா கிரியேட் பண்ணிக்கோங்க மேடம்" என்றார்கள். செய்தோம். 460 கம்பியை சைட்டுக்குக் கொடுத்த பிறகு, '12 எம்.எம். கிலோ' என்ற ஐட்டத்தில் 5,000 அப்படியே அசையாமல் இருந்தது. '12 எம்.எம். எண்ணம்' என்ற ஐட்டத்தில் மைனஸ் 460. எம்-சாண்டும் இதே கதைதான். கிரஷரில் டன் கணக்கில் பில், சைட்டில் 100 கன அடி யூனிட் கணக்கில் வரவு.

அட்டெண்டன்ஸ் ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிக்னல் இல்லாவிட்டால் திறக்காது. ஊருக்கு வெளியே இருந்த சைட்டில் மேஸ்திரி அண்ணன் தினமும் காலையில் ஃபோனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். கூடுதல் நேரம் வேலை பார்த்தால் கொடுக்கிற ஒன்றரை ஆள் கூலி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அந்த ஆப்புக்குத் தெரியாது. வந்தார், வரவில்லை, இரண்டே பொத்தான். மூன்றாவது சனிக்கிழமை அண்ணன் பழைய நோட்டையே எடுத்துக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம் சரிசெய்யச் சொன்னபோதுதான் 'கஸ்டமைஸ்' என்ற சொல்லின் விலை தெரிந்தது. ஒரு நாளைக்கு 6,500 ரூபாய், ரன்னிங் பில்லுக்கு மட்டும் 14 நாள். "டெமோவில் போடும் என்றீர்களே?" என்றால், "பில் போடுதே மேடம்" என்கிறார்கள்.

2023-24க்கு ஆடிட் வந்தபோது இன்னொரு இடி. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் கணக்கு எழுதும் சாஃப்ட்வேரில் ஆடிட் டிரெயில் இருந்தாக வேண்டும். எந்தப் பதிவை எப்போது மாற்றினாலும் தடம் இருக்க வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது. ஆடிட்டர் இதைத் தன் அறிக்கையில் குறிப்பிட வேண்டும். எங்கள் ஆடிட்டர் அந்த சாஃப்ட்வேரில் ஒரு பழைய வவுச்சரைத் திறந்து அழித்தார். போயே போய்விட்டது, சுவடே இல்லை. "இதுலதான் கணக்கு எழுதினேன்னு என்கிட்ட சொல்லிடாதம்மா" என்றார். டேலி இருந்ததால் அங்கும் தப்பித்தோம். பிரைவேட் லிமிடெட் வைத்திருக்கிறவர்கள் டெமோ அன்றே ஒரு வவுச்சரை அழித்துப் பாருங்கள்.

2024 ஆகஸ்டில் அவர்களிடமிருந்து ஒரு பில் வந்தது. வருடாந்திரப் பராமரிப்பு, விலையில் 18 சதவீதம், 86,400, ஜி.எஸ்.டி.யோடு 1,01,952. ஓடாத வண்டிக்கு சர்வீஸ் சார்ஜ். கட்ட மாட்டோம் என்றோம். நான்காம் நாள் லாகின் நின்றது. எட்டு மாதம் நாங்கள் ஏற்றிய சப்ளையர் விவரம், சலான் படங்கள் எல்லாம் அவர்கள் சர்வரில். கேட்டதற்கு பி.டி.எஃப். ஆக 300 பக்கம் அனுப்பினார்கள். எக்ஸெல்லாக வேண்டுமென்றால் தனிக் கட்டணமாம்.

வக்கீலிடம் போனோம். நுகர்வோர் நீதிமன்றம் என்று நினைத்துத்தான் போனேன். வியாபாரத்துக்காக வாங்கிய பொருள் என்பதால் 2019 சட்டப்படி நாங்கள் நுகர்வோர் என்று நிற்பதே கஷ்டம் என்றார். மிச்சமிருப்பது வணிக நீதிமன்றம். மூன்று லட்சத்துக்கு மேல் என்பதால் அங்கே போகலாம், ஆனால் அவசர உத்தரவு எதுவும் கேட்காத வழக்கென்றால் முதலில் சமரசப் பேச்சுக்கு மனு போட்டாக வேண்டும். அத்தோடு எங்கள் ஆர்டர் பேப்பரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், வழக்கு எதுவானாலும் அவர்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று இருந்தது. என்னென்ன வேலை செய்யும் என்ற பட்டியல் எங்குமே இல்லை. கையில் இருந்தது "கண்டிப்பா பண்ணிக் கொடுத்துடலாம் மேடம்" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏழு வாய்ஸ் மெசேஜ். நோட்டீஸ் மட்டும் அனுப்பினோம். கடைசி 10 சதவீதம், 56,640 ரூபாயைக் கொடுக்கவில்லை. அப்பா, "விடும்மா, ஒரு ஸ்லாப் இடிஞ்சு விழுந்ததா நினைச்சுக்கலாம்" என்றார்.

அவர்கள் கொடுத்த கஸ்டமர் பட்டியலை வாங்குவதற்கு முன் நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. இது முழுக்க என் தப்பு. அப்புறம் கூப்பிட்டேன். ஒருவர் ஹார்ட்வேர் கடை, பில் அடிக்க மட்டும் வைத்திருக்கிறார், நன்றாகவே ஓடுகிறதாம். அப்போதுதான் விளங்கியது: கடை பில்லிங் சாஃப்ட்வேரில் 'சைட்' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்துக் கட்டுமானத்துக்கு என்று விற்றிருக்கிறார்கள். இன்னொருவர் எங்களைப் போல கான்ட்ராக்டர். எக்ஸெல்லுக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது என்றார்.

கரூர்காரரிடம் நான் சொன்னது இதுதான். நீங்கள் கடைசியாகக் கொடுத்த மூன்றாவது பில்லை எடுத்து மேசையில் வையுங்கள். டெமோ காட்ட வருகிறவரை உட்காரவைத்து முதல் பில்லிலிருந்து மூன்றாவதுவரை உங்கள் கண்முன் ஏற்றச் சொல்லுங்கள். ரிடென்ஷன் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். கம்பியை டன்னில் வாங்கி எண்ணிக்கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நெட்டை அணைத்துவிட்டு அட்டெண்டன்ஸ் போடச் சொல்லுங்கள். பணத்தை லாகினுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு மாதக் கணக்கு அதிலும் டேலியிலும் ஒத்துவந்த பிறகு பெரிய தவணையைக் கொடுங்கள், பராமரிப்புக் கட்டணமும் அன்றைக்குத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்ட நேரத்தில் எக்ஸெல்லில் டேட்டா, கட்டணமில்லாமல். வழக்கு உங்கள் ஊரில். எல்லாம் எழுத்தில்.

இதே பரீட்சையை இந்த வருடம் வேறொரு கம்பெனிக்கு நான் வைத்தேன். வந்த பெண் முதல் பில்லைப் பார்த்ததுமே, "மேடம், எங்களோடது ஃபிளாட் கட்டி விக்கிற பில்டருக்கானது. புக்கிங், தவணை எல்லாம் பார்க்கும். மெஷர்மென்ட் எடுத்து பில் போடுற கான்ட்ராக்டருக்கு இது சரிவராது" என்று லேப்டாப்பை மூடிவிட்டார். காபி கொடுத்து அனுப்பினேன். பில்டருக்கும் கான்ட்ராக்டருக்கும் சாஃப்ட்வேரே வேறு என்று முதலில் எனக்குச் சொன்னது அவர்தான்.

இப்போது டேலியும், தம்பி உட்கார்ந்து போட்ட ஒரு எக்ஸெல் ஷீட்டும்தான். அதில் 'முந்தைய பில்வரை' என்ற கட்டம் மஞ்சள் கலரில் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் கஸ்டமர் பட்டியலிலிருந்து எங்கள் பெயரையும் லோகோவையும் எடுக்கச் சொல்லி இரண்டு மெயில் போட்டாயிற்று. நேற்றுவரை எடுக்கவில்லை.