முதல் 16 பக்கம்: லேடெக்கில் ஒன்பது வருட அனுபவம்

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "புத்தகம் முழுக்க லேடெக்கில் முடித்துவிட்டேன். முன்னுரைக்கும் பொருளடக்கத்துக்கும் மட்டும் ரோமன் எண் வேண்டும், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2 என்று ஓட வேண்டும். அஞ்சு நிமிஷ வேலைதானே?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் அதே வாரத்தில்தான் நான் ஒரு மறுபதிப்பின் முதல் 16 பக்கங்களோடு இரண்டு இரவு மல்லுக்கட்டியிருந்தேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அவருக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இப்படி நீண்டுவிட்டது.

ஒன்பது வருடமாக நூல் வடிவமைப்புக்கு லேடெக்கைத்தான் பயன்படுத்துகிறேன்: உரைக்கு நடுவே கட்டளைகளை எழுதி ஓட்டினால் பக்கங்களை அமைத்துத் தரும் மென்பொருள். டொனால்ட் கனூத் 1970களின் கடைசியில் தொடங்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலின் மேல், லெஸ்லி லாம்போர்ட் 1980களில் எழுப்பிய கட்டடம் அது. அதன் வரி உடைப்பு அழகு, கணிதச் சமன்பாடுகள் பற்றியெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதன் புது வடிவமான லுவாலேடெக்குக்குள், எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நிரல் வந்த பிறகு தமிழ் எழுத்துகளும் ஒழுங்காக அமைகின்றன. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். முன்பக்கங்களின் எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லது. லேடெக்கில் ஒவ்வொரு ஆவண வகைக்கும் 'வகுப்பு' என்று ஒரு ஆயத்த அமைப்பு உண்டு. புத்தகத்துக்கான 'புக்' வகுப்பில் மூன்று கட்டளைகள் உண்டு: ஃப்ரண்ட்மேட்டர், மெயின்மேட்டர், பேக்மேட்டர். முதலாவது, எண்களைச் சிறிய ரோமன் எழுத்துக்கு மாற்றி 1இலிருந்து தொடங்கும். இரண்டாவது, புதிய வலப்பக்கத்துக்குப் போய் வழக்கமான எண்களில் மறுபடி 1 என்று ஆரம்பிக்கும். மூன்றாவது எண் ஓட்டத்தைத் தொடாது; பின்னிணைப்பும் சொல்லடைவும் அதே வரிசையில் தொடரும். முன்பகுதியில் 'முன்னுரை' என்று அத்தியாயக் கட்டளை கொடுத்தால் "அத்தியாயம் 1" என்று தலையில் வராது, ஆனால் பொருளடக்கத்தில் பெயரும் ரோமன் எண்ணும் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். யோசித்துச் செய்த வேலை இது.

இதன் அருமை எனக்கு உறைத்தது ஒரு அணிந்துரை தாமதமானபோது. மூன்று பக்கம் வரும் என்றார்கள். மற்ற எல்லாம் முடிந்து, சொல்லடைவும் சரிபார்த்த பிறகு வந்தது, பதினொரு பக்கம். சேர்த்து ஓட்டினேன். முன்பகுதி எட்டுப் பக்கம் நீண்டது. உள்ளே 240 பக்கத்தில் ஒரு எண்கூட அசையவில்லை, சொல்லடைவில் ஒரு வரிகூட மாறவில்லை. முன்பகுதிக்குத் தனி எண் கொடுக்கும் பழைய அச்சக வழக்கத்தின் பயனே இதுதான்: உள்ளடக்கம் அச்சேறிய பிறகும் முன்னுரை வளரலாம், குறையலாம். அன்றைக்கு இந்த மென்பொருளின் மேல் எனக்கு வந்த பிரியம் இன்னும் போகவில்லை.

இப்போது கோபம்.

ஆரம்பக் காலத்தில் இந்த மூன்று கட்டளைகளைத் தெரிந்துகொள்ளாமல், பேஜ்நம்பரிங் என்ற கட்டளையை நேரடியாகப் போட்டேன். முன்னுரையின் கடைசி வரிக்குக் கீழே அந்தக் கட்டளை, அதற்குக் கீழே முதல் அத்தியாயம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டெக் வரிகளைப் படிக்கும்போதே பக்கத்தை முடிவு செய்வதில்லை. வரிகளைச் சேர்த்துக்கொண்டே போய், போதுமான அளவு சேர்ந்ததும்தான் பக்கமாக வெட்டி வெளியே அனுப்பும். எண் மாற்றும் கட்டளையோ படித்த கணத்திலேயே வேலை செய்துவிடும். ஆகவே முன்னுரையின் கடைசிப் பக்கம் வெளியே போகும்போது அதன் நெற்றியில் புது எண் ஒட்டிக்கொண்டது.

என் முன்னுரை ரோமன் 8இல் முடிந்தது, அதாவது இடப்பக்கத்தில். அது 8 என்பதற்குப் பதிலாக 1 ஆகிவிட்டது. லேடெக்குக்கு ஒற்றைப்படை எண் என்றால் வலப்பக்கம். அடுத்த பக்கம் 2, அதில் அத்தியாயம் தொடங்கக் கூடாது என்று காலியாக விட்டு, 3இல் அத்தியாயத்தைத் தொடங்கியது. திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தபோது எதுவும் கண்ணில் படவில்லை. கட்டிய மாதிரிப் பிரதியைக் கையில் எடுத்து விரித்தபோதுதான் தெரிந்தது: முதல் அத்தியாயம் இடதுபுறம் தொடங்குகிறது, முதுகுப் பக்கம் இருக்க வேண்டிய ஓரம் வெளியே இருக்கிறது, வரிகள் தையலுக்குள் நுழைகின்றன. புத்தகம் முழுவதும் ஒரு பக்கம் தள்ளிப்போய்விட்டது. முன்னுரை ஒரு பக்கம் குறைவாக இருந்திருந்தால் இந்தத் தள்ளல் நடந்தே இருக்காது. ஒரு கட்டளையின் விளைவு முன்னுரையின் நீளத்தைப் பொறுத்து மாறினால் எப்படி நம்பி வேலை செய்வது? பக்கத்தை முதலில் முடித்துவிட்டு, பிறகு எண்ணை மாற்ற வேண்டும். மெயின்மேட்டர் கட்டளை அதைத்தான் செய்கிறது. நியாயமாகப் பார்த்தால் தவறு என்னுடையது. இதில் மென்பொருளைத் திட்ட முடியாது.

ஆனால் தலைப்புப் பக்கத்துக்கென்று இருக்கும் டைட்டில்பேஜ் சூழலை (தொடக்கமும் முடிவும் உள்ள கட்டளை இணை) என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒன்பது வருடமாக என் கண்ணில் படாமல் இருந்தது அதுதான், போன வாரத்து இரண்டு இரவுகளும் அதற்குத்தான் போயின.

ஒரு புத்தகத்தின் ஆரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் புத்தகத்தின் பெயர் மட்டும். பின்புறம் காலி. மூன்றாவது பக்கம் முழுத் தலைப்பு: பெயர், ஆசிரியர், பதிப்பகம். நான்காவது பதிப்பு விவரம். ஐந்து சமர்ப்பணம், ஆறு காலி, ஏழில் பொருளடக்கம். இவற்றில் பலவற்றில் எண்ணை அச்சிட மாட்டோம், ஆனால் எண்ணிக்கையில் எல்லாம் சேரும். பொருளடக்கத்தின் கீழே ரோமன் 7 என்று வர வேண்டும்.

வந்தது 5.

காரணம் இது. முழுத் தலைப்புப் பக்கத்தை டைட்டில்பேஜ் சூழலுக்குள் போட்டால், அது தொடங்கும்போதே பக்கங்களை எண்ணும் கணக்கை (எண்ணி) 1க்குத் திருப்பிவிடுகிறது. கேட்காமல், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல். தலைப்புப் பக்கம்தான் ஆவணத்தின் முதல் தாள் என்று அது வைத்துக்கொள்கிறது. அறிக்கைக்கும் ஆய்வேட்டுக்கும் அது பொருந்தும். பெயர் மட்டும் போட்ட பக்கம் முன்னால் இருக்கும் புத்தகத்துக்குப் பொருந்தாது. அந்த வகுப்பின் பெயரோ 'புக்'! தலைப்பை அச்சிடும் வழக்கமான மேக்டைட்டில் கட்டளையும் இந்தச் சூழலைத்தான் உள்ளே அழைக்கிறது. ஒருபுற அச்சு என்று அமைத்திருந்தால் சூழல் முடியும்போதும் இன்னொரு முறை 1க்குத் திரும்பும்.

1 ஒற்றைப்படை எண், தலைப்பும் வலப்பக்கத்தில் இருப்பது. அதனால் ஓரங்கள் மாறுவதில்லை; மாறியிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். இது சத்தமில்லாமல் இரண்டு பக்கத்தை விழுங்கிவிட்டு ஒழுங்கான புத்தகம் போலவே நிற்கிறது. மறுபதிப்பில் என்னிடம் கேட்டவர் அச்சகத்தில் இருந்தவர்: "முன்பகுதி ரோமன் 14இல் முடிகிறது, உள்ளே 240. மொத்தம் 254 வருது. கோப்பில் 256 இருக்கே, எந்த ரெண்டு பக்கம் கூடுதல்?" பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிப்பது) என்று கணக்குப் போடுகிறவருக்கு அந்த இரண்டு பக்கம் பெரிய விஷயம். 256 என்றால் சரியாகப் பதினாறு ஃபாரம். 254 என்றால் ஏதோ விடுபட்டிருக்கிறது. நூலகத்தில் பட்டியலிடுகிறவர்களும் ரோமன் வரிசையின் கடைசி எண்ணையும் உள்பகுதியின் கடைசி எண்ணையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வார்கள். அங்கேயும் 16க்குப் பதில் 14 ஏறியிருக்கும்.

குறிப்பு லாக் கோப்பில், அதாவது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் லேடெக் எழுதிவைக்கும் பதிவில், இருந்தது. பிடிஎஃப்பில் இணைப்புகளைப் போடும் ஹைப்பர்ரெஃப் தொகுப்பைச் சேர்த்திருந்ததால், ரோமன் 2 என்ற பெயரில் ஒரு இலக்கு ஏற்கெனவே இருக்கிறது, இரண்டாவதை விட்டுவிட்டேன் என்று ஒரு வரி. பெயர்ப் பக்கத்தின் காலிப் பின்புறமும் ரோமன் 2, பதிப்பு விவரப் பக்கமும் ரோமன் 2. இந்த வகை எச்சரிக்கையை நாம் எல்லோரும் பார்த்துப் பார்த்துக் கடந்துபோகிறோம். நானும் ஒன்பது வருடத்தில் எத்தனை முறை கடந்து போயிருப்பேனோ. இனி மாட்டேன்.

சரி, ஏன் இதைத் திருத்தவில்லை? திருத்தினால் பழைய ஆவணங்கள் எல்லாம் வேறு எண்ணோடு வரும். பத்து வருடத்துக்கு முன் வடிவமைத்த கோப்பை இன்றைக்கு ஓட்டினாலும் அதே பக்கங்கள் வர வேண்டும் என்பதில் லேடெக்கைப் பராமரிப்பவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். அந்த உறுதியால்தான் இந்த மறுபதிப்பையே பழைய கோப்பிலிருந்து என்னால் எடுக்க முடிந்தது. புரிகிறது. புரிந்தும் கோபம் வருகிறது.

மற்றவை சின்னச் சின்னத் தொல்லைகள். பேஜ்ஸ்டைல் எம்ப்டி என்று போட்டு எண்களை மறைத்தாலும், அத்தியாயத்தின் முதல் பக்கம் தனக்குத்தானே 'பிளெயின்' பாணியைப் போட்டுக்கொண்டு கீழே எண்ணைக் காட்டும். பொருளடக்கமும் உள்ளுக்குள் அத்தியாயம்தான், அதனால் அங்கேயும் எண் எட்டிப் பார்க்கும். பொருளடக்கக் கட்டளைக்குப் பிறகு, ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணை மறைக்கும் திஸ்பேஜ்ஸ்டைல் எம்ப்டி போட்டால், பொருளடக்கம் மூன்று பக்கம் ஓடும்போது அது கடைசிப் பக்கத்தில்தான் வேலை செய்யும். அந்த வரியை ஆட்-டூ-கன்டென்ட்ஸ் கட்டளை வழியாகப் பொருளடக்கக் கோப்புக்குள்ளேயே எழுதிவிட்டால் முதல் பக்கத்தில் வேலை செய்யும். காலிப் பக்கங்களின் தலையில் வரும் எழுத்தும் எண்ணும் போக, எம்ப்டிபேஜ் தொகுப்பை ஒரு வரியில் சேர்த்தால் போதும். அப்புறம், பொருளடக்கத்தில் எண்ணுக்கு ஒதுக்கியிருக்கும் அகலம் 1.55 எம் (எம் என்பது எழுத்துருவின் அளவோடு மாறும் அலகு). வழக்கமான எழுத்துருவில் ரோமன் 8, 13 எல்லாம் அதற்குள் அடங்கும். ஐந்து எழுத்துள்ள 18 அடங்காது.

இத்தனைக்கும் நடுவே எதிர்பாராத ஒரு சந்தோஷமும் கிடைத்தது. பேஜ்நம்பரிங் கட்டளைக்கு ரோமன் என்று கொடுத்தால், 'அட்' (@) குறியோடு ரோமன் என்ற பெயரில் உள்ளே ஒரு கட்டளை இருக்கிறதா என்று தேடி, எண்ணியின் மதிப்பை அதனிடம் கொடுக்கிறது. அவ்வளவுதான். அதே மாதிரிப் பெயரில் நானே ஒன்று எழுதி வைத்தால் அதையும் ஏற்றுக்கொள்கிறது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பத்து வரி எழுதி, முன்னுரைப் பக்கங்களுக்குத் தமிழ் எண்களைக் கொண்டுவந்தேன்: ௭, ௮, ௯, பிறகு ௰, ௰௧, ௰௨. பக்கத்தின் அடியில் அந்த ௰ வந்து நின்றதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொருளடக்கத்திலும் அதே வடிவில் தானாக வந்தது. இந்த அளவு சுதந்திரத்தைத் தரும் வேறு மென்பொருளை நான் பயன்படுத்தியதில்லை.

ஒரு விலை உண்டு. சொல்லடைவு தொகுக்கும் மேக்இண்டெக்ஸ் நிரலுக்கு ரோமனும் வழக்கமான எண்ணும் தெரியும். ரோமனை முன்னால், மற்றதைப் பின்னால் ஒழுங்காக அடுக்கும். ௰௧ என்று கொடுத்தால் செல்லாத பக்க எண் என்று தள்ளிவிடும். முன்னுரையில் வரும் பெயர்களைச் சொல்லடைவில் காட்ட வேண்டிய புத்தகத்துக்கு இது ஒத்துவராது. அப்படித் தேவையில்லாத புத்தகங்களுக்கு மட்டும் இன்றும் தமிழ் எண் போடுகிறேன்.

வேறு வழி இல்லையா என்றால், உண்டு. கோமா-ஸ்க்ரிப்ட் தொகுப்பில் பெயர்ப் பக்கம், தலைப்பின் பின்புறம், சமர்ப்பணம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. மெம்வார் வகுப்பில் ஃப்ரண்ட்மேட்டருக்கு நட்சத்திரம் போட்ட வடிவம் இருக்கிறது. அது எண்களைத் தொடாது, ஆரம்பத்திலிருந்து ஒரே ஓட்டமாக எண் வேண்டுகிறவர்களுக்கு உதவும். இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருளில் பக்கப் படத்தின் மேல் ஒரு சின்னக் கறுப்பு முக்கோணம் நிற்கும், பிரிவு அங்கேதான் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். எண் எங்கே மாறுகிறது என்பதைப் பார்க்க முடிவதே ஒரு நிம்மதி. அந்த ஒரு விஷயத்தில் அதன் மேல் எனக்குப் பொறாமை உண்டு.

நண்பருக்கு என் பதில்: ஃப்ரண்ட்மேட்டரை எல்லாவற்றுக்கும் முன்னால், பெயர்ப் பக்கத்துக்கும் முன்னால் போடுங்கள். டைட்டில்பேஜ் சூழலைத் தொடாதீர்கள். அதற்குப் பதில் வலப்பக்கத்துக்குப் போகக் கிளியர்டபுள்பேஜ், எண்ணை மறைக்கத் திஸ்பேஜ்ஸ்டைல் எம்ப்டி, தலைப்பின் வரிகளுக்குப் பிறகு பக்கத்தை முடிக்கக் கிளியர்பேஜ் என்று மூன்று வரிகளைக் கையால் எழுதுங்கள். முன்பகுதியின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு தாளில் எண்ணி எழுதிக்கொண்டு, வந்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டு வரிசைகளின் கடைசி எண்களையும் கூட்டி, லாக் கோப்பின் கடைசியில் வரும் மொத்தப் பக்கத்தோடு சரிபாருங்கள்.

அடுத்த புத்தகத்தையும் இதிலேயே செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்தப் புத்தகத்தின் கோப்பை அனுப்புங்கள், அந்த மூன்று வரிகளை நானே எழுதித் தருகிறேன்.