கரிசல் காட்டை மனையாக்க எஞ்சினியர் தேடினேன்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன 2 ஏக்கர் 40 சென்ட் கரிசல் நிலத்தை மனைகளாகப் பிரிப்பது என்று குடும்பத்தில் முடிவானது. நான் இருப்பது சிங்கப்பூரில். கிடைத்த லீவுக்குள் நல்ல சிவில் எஞ்சினியர் ஒருவரைப் பிடித்து வேலையை ஒப்படைக்க வேண்டும். இதே எண்ணத்தோடு ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பார்த்தவர் நிலத்துக்கே வரவில்லை. பட்டா நகலைப் புரட்டிவிட்டு, "அப்ரூவல் வரைக்கும் மொத்தமா ஒரே ரேட், எல்லாம் நான் பார்த்துக்கிறேன் சார்" என்றார். எத்தனை மனை விழும் என்பதையும் உட்கார்ந்த இடத்திலேயே சொன்னார். மண்ணைப் பார்க்காமல் மனைக் கணக்கு சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அடுத்தவர் இளைஞர். போனில் பேசும்போதே புலப்படமும் (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) வில்லங்கச் சான்றும் கேட்டு வாங்கினார். மறுநாள் வெயில் ஏறுமுன் வந்து வரப்பு நெடுக நடந்தார். என் மச்சானிடம் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அண்ணாச்சி, ஐப்பசி மழையில தண்ணி இங்க எந்தப் பக்கமா போகும்?"

புலப்படத்தில் தெற்கு ஓரமாக ஓர் ஓடை இருந்தது. தரையில் அதைக் காணோம். வருஷக்கணக்கில் உழுது உழுது மேவிப்போயிருக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்து அது. பட்டா நிலத்தோடு சேராத புறம்போக்கு. அதை மறைத்து மனை போட்டால், வாங்கி வீடு கட்டுகிறவர் வாசலில்தான் வெள்ளம் நிற்கும். டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி வைத்து அளந்து, ஓடையைத் தனியே விட்டுவிட்டு, சாலைகளின் சரிவை அதை நோக்கி அமைக்கலாம் என்றார். எனக்கு அப்போதே மனசு நிம்மதியானது.

கரிசலைப் பற்றியும் விளக்கினார். மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, சரள் கொட்டி ரோலர் ஓட்டிய பிறகே தார் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மழைக்குள் சாலை பிளந்துவிடும். செலவு கூடும்தான். ஆனால் விற்றுவிட்டுப் போகிற இடம் என்று அங்கே மிச்சம் பிடிக்க எனக்கு மனமில்லை.

விதிகளில் இரண்டைச் சொல்கிறேன். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லாமல் பிரித்த மனையைப் பத்திரம் பதிய முடியாது. எங்கள் நிலம் சுமார் 9,700 சதுர மீட்டர். 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் பூங்கா மாதிரியான பொதுத் திறவிடத்துக்குப் போகும். 10,000-க்குள் இருப்பதால் இடத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். பூங்காவுக்கு இடமாகவே கொடுத்துவிடுவோம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

கூலியைத் தவணைகளாகப் பேசினோம்: அளவு முடிந்ததும் ஒரு பங்கு, விண்ணப்பம் போட்டதும் ஒரு பங்கு, மீதி சாலை வேலையின்போது. அரசுக் கட்டணங்களை நாங்களே நேரடியாகக் கட்டுவோம் என்பதை எழுதியே வாங்கிக்கொண்டேன். அப்புறம், எனக்குப் பதில் கையெழுத்துப் போட மச்சானுக்குப் பவர் எழுதும் வேலையையும் ஊரில் இருக்கும்போதே பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிட்டேன். வெளிநாட்டில் கையெழுத்திட்டு அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். அந்த அலைச்சல் மிச்சம்.

கிளம்புவதற்குள் வரைபடம் கைக்கு வந்தது. முதல் ஆள் சொன்னதைவிட மனைகள் குறைவு. அடுத்து நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று வர வேண்டும். அது வராமல் நிலத்தில் மண்வெட்டி வைக்க மாட்டேன் என்று எஞ்சினியர் தம்பி உறுதியாகச் சொல்லியிருக்கிறார்.