கொய்ச்சிரோ வாடா: சிறு தோட்டத்தில் ஒரு குட்டை ரோடோடென்ட்ரான்

லண்டனில் எங்கள் வீட்டின் பின்புறத் தோட்டம் நான்கு மீட்டர் அகலம்கூட இல்லாதது. ரோடோடென்ட்ரான் என்னும் பூச்செடியில் ஓங்கி வளரும் வகைகளுக்கு அங்கே இடமில்லை என்பதால், மூன்று ஆண்டுகளுக்கு முன் 'கொய்ச்சிரோ வாடா' என்ற குட்டை வகையைச் சிறு தொட்டியில் வாங்கி வந்தேன். ஜப்பானின் யாகுஷிமா தீவு மலைகளில் இயல்பாக வளரும் இனத்தைச் சேர்ந்த இது, 1934-இல் இங்கிலாந்தின் எக்ஸ்பரி தோட்டத்திற்கு வந்து, 1947-இல் செல்சி மலர்க் கண்காட்சியில் முதல்தரச் சான்றிதழ் பெற்றது. பத்தாண்டுகள் ஆனாலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமே வளரும்.

மே மாதத்தில் இளஞ்சிவப்பு மொட்டுகள் விரிந்து, மெல்ல வெளுத்துத் தூய வெண்மையாகின்றன. ஆயினும் பூ சில வாரங்களே நிற்கும். நான் கொடுத்த காசு இலைக்கே தகும். பூ உதிர்ந்தபின் வரும் தளிர்கள் வெள்ளிநிற மென்மயிர் போர்த்தி நிமிர்கின்றன. முதிர்ந்த இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் பழுப்புக் கம்பளி போல் இருக்கிறது. நீலகிரியில் செக்கச் செவேலெனப் பூக்கும் காட்டுப்பூவரசும் இதே பேரினம்தான்; அந்த மரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அதன் முழங்கால் உயரத் தம்பியாகத் தோன்றும்.

விற்றவர்கள் தொட்டியில் செருகியிருந்த சீட்டில் 'எளிதில் வளரும்' என்றிருந்ததே தவிர, அமில மண் வேண்டும் என்ற ஒரு வரி இல்லை. லண்டன் குழாய்நீரில் சுண்ணாம்பு மிகுதி. அதையே முதல் கோடை முழுவதும் ஊற்றியதால் இலைகள் மஞ்சளித்து நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இச்செடியின் வேரால் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ள முடியாது. பிறகு அகன்ற தொட்டியில் அமிலத்தன்மையுள்ள கலவை நிரப்பி, வேர்ப்பந்தின் மேற்பரப்பு மண்மட்டத்திலேயே இருக்கும்படி மாற்றி நட்டு, பைன் பட்டையால் மூடாக்கு இட்டு, கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்த மழைநீரையே ஊற்றி வந்தேன். மறு ஆண்டின் தளிர்கள் பச்சையாகவே வந்தன. வேர்கள் மேலாகவே பரவுவதால் ஆழ நட்டால் மூச்சுமுட்டும். அடுத்த ஆண்டுக்கான மொட்டுகள் கோடையின் பிற்பகுதியிலேயே உருவாகின்றன; அப்போது வேர் காயவிட்டால் மே மாதத்தில் பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

மழைநீர் சேமிக்க வழியில்லாதவர்களுக்கு இச்செடியைப் பரிந்துரைக்க மாட்டேன். இலையும் பூவும் நச்சுத்தன்மை உடையவை என்பதால், கண்டதைக் கடிக்கும் நாய்க்குட்டி உள்ள வீட்டாரும் யோசித்து வாங்குவது நல்லது.