வீதிக்கடையா, கிடங்கா? புதுச்சேரியில் பழம்பொருள் விற்பவரின் தேர்வு

புதுச்சேரியில் பழைய மரச்சாமான்களையும் கலைப்பொருள்களையும் விற்பவர் வாடிக்கையாளர்களைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியில் கடை வைத்து வந்து போகும் பயணிகளை நம்பலாம். அல்லது ஊருக்கு வெளியே கிடங்கு எடுத்து, கட்டடக் கலைஞர்களோடும் பழைய வீடுகளை விடுதிகளாகப் புதுப்பிப்பவர்களோடும் நேரில் பழகி வியாபாரம் செய்யலாம். நான்கு ஆண்டுகள் கடை நடத்திவிட்டுக் கிடங்குக்கு மாறியவன் நான்; ஆகவே என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

கடையில் வாடகையும் அதிகம், கூட்டமும் அதிகம் என்பது எல்லோரும் அறிந்ததே. விற்பனை உரிமம், பதிவு போன்றவற்றில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

என்னை மாற வைத்தது ஏற்றுமதித் தடை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டைக் கடந்த தொல்பொருளைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. வயது குறைந்த பொருளாயினும், ஐயம் எழுந்தால் அது தொல்பொருள் அன்று என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெற வேண்டும். தோதகத்தி (ரோஸ்வுட்) மரத்துக்கு 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. என் கடைக்கு வந்தவர்களில் பொருளின் அருமை தெரிந்து, பேரம் பேசாமல் விலை கேட்டவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டினர். என்னிடம் இருந்தவற்றில் மிகச் சிறந்ததை அவர்களுக்கு மட்டும் விற்க முடியாத நிலை. நல்ல பொருளைக் காட்டி ஆசையூட்டி, பிறகு சட்டத்தைச் சொல்லி அனுப்புவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

கட்டடக் கலைஞர் வாங்கும் அலமாரி பெங்களூருக்கோ சென்னைக்கோ போகிறது, உறவும் தொடர்கிறது. இங்குள்ள கடற்காற்றின் ஈரத்தில் பழகிய மரம் வறண்ட ஊரில் சுருங்கி இணைப்பு விடும் என்பதை முன்கூட்டியே சொல்லி, எந்தக் கால் மாற்றப்பட்டது, பிரம்பு எப்போது புதிதாகப் பின்னப்பட்டது என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த வேலைக்கும் அவரே அழைக்கிறார். பொருளை விற்கும் குடும்பத்தினருக்கும் அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று சொல்ல முடிகிறது. பாட்டி காலத்துக் கட்டிலைக் கொடுப்பவர்கள் விலையைவிட அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

கிடங்கில் முதல் ஓராண்டு ஏறக்குறைய வருமானமே இல்லை. கையில் சேமிப்பு இல்லாதவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏல நிறுவனங்கள் வழியாக இரண்டு முறை மட்டுமே விற்றிருப்பதால், அதை இவற்றோடு ஒப்பிடும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. பீங்கான், விளக்கு போன்ற சிறு பொருள்கள் கடையில்தான் விரைவாக விற்றன. அவற்றை இப்போது ஒரு நண்பரின் கடையில் தரகுக்கு வைத்திருக்கிறேன்.