இலங்கையா, வியட்நாமா: கீழக்கரையிலிருந்து ஒரு கணக்கு

தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் நின்றால் கைபேசி இலங்கை சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் கடல்தான். ஆனாலும் எதிரே இருக்கும் தலைமன்னாருக்குப் போக, திரும்பி மதுரைக்கு வந்து, கொழும்புக்கு விமானம் ஏறி, அங்கிருந்து வடக்கே போவதே எங்கள் வழி. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் எடுத்த டிக்கெட்டே தனுஷ்கோடியில் கப்பலுக்கும் செல்லும். வாப்பாவின் வாப்பா அப்படிக் கொழும்புக்குப் போய் வந்தவர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு அந்த வழியையும் கொண்டுபோய்விட்டது.

பழைய கோயிலும் வேண்டும், புது நகரமும் வேண்டும், ஒரு வாரம்தான் லீவு. இப்படி யார் கேட்டாலும் எங்கள் பக்கத்தில் இரண்டு பெயர்தான் அடிபடுகிறது. இலங்கைக்கு உம்மாவோடும், வியட்நாமுக்குக் கூட்டாளிகளோடும் போய் வந்தேன்.

இலங்கையில் எல்லோரும் சிகிரியாவுக்கு ஓடுகிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற மன்னன் பாறை உச்சியில் கட்டிய அரண்மனை அது. படிகள் ஆயிரத்துக்கு மேல். உம்மா வழியில் வரும் சிங்கப் பாதச் சிலையோடு உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டவருக்கு டாலரில் கட்டணம், அதுவும் கனமாக. இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் குறைவு என்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் பொலன்னறுவைக்கு ஒரு முழு நாள் கொடுப்பேன். சோழர்கள் ஆண்ட தலைநகரம் அது. ராஜேந்திரனின் தாய் வானவன் மாதேவி பெயரில் கல்லால் கட்டிய சிவன் கோயில் இன்னும் நிற்கிறது, சுவரில் தமிழ்க் கல்வெட்டோடு. அதே ஊரிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் பராக்கிரமபாகு பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குப் படை அனுப்பினான். அந்தப் படை ராமேஸ்வரத்தைப் பிடித்து, குந்துகாலில் கோட்டை கட்டியது என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம். நாம் பாம்பன் வழியாகப் போகும்போது எட்டிப் பார்க்காமல் விடுகிற, பக்கத்திலேயே இருக்கும் அதே குந்துகால்தான்! பிறகு பொலன்னறுவையின் கல் விகாரையில் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்தபோது, பக்கத்து வீட்டோடு நடந்த பழைய சண்டையின் மறுபக்கத்தைக் கேட்பது போல இருந்தது.

வியட்நாமின் மி சன் வேறு மாதிரி. நாலாம் நூற்றாண்டில், அந்தப் பகுதியை ஆண்ட சாம் மன்னன் பத்ரவர்மன் சிவனுக்குக் கோயில் எடுத்த பள்ளத்தாக்கு. பிற்காலத்துச் சாம் அரசர்கள் கட்டிய செங்கல் கோபுரங்களில் சாந்து பூசிய தடமே தெரியாது. 1969-ல் அமெரிக்கக் குண்டுகள் விழுந்த பள்ளங்கள் கோயில்களுக்கு நடுவே புல் மூடிக் கிடக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைத்தபோது, 2020-ல் ஒரே கல்லில் செய்த லிங்கம் வெளிப்பட்டது. அழகு, மறுக்கவில்லை. ஆனால் விளக்கப் பலகையைப் படிக்காமல் எனக்கு எதுவும் புரியவில்லை. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.

நவீனம் என்றால் போட்டியே இல்லை, வியட்நாம்தான். கொழும்பின் தாமரைக் கோபுரம் உயரம், அவ்வளவே. ஹோ சி மின் நகரத்தில் (பழைய சைகோன்) 2024 டிசம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. கீழே தெருவில் மோட்டார் சைக்கிள் வெள்ளம். சாலையைக் கடக்க ஒரே வழி, நிற்காமல் ஓடாமல் ஒரே சீராக நடப்பது. அவர்கள் நம்மைச் சுற்றிப் போய்விடுவார்கள். தா நாங்கில் இரண்டு கைகள் தாங்கும் தங்கப் பாலத்துக்கு, செல்பி எடுக்கிற கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் போகலாம்.

சாப்பாட்டில் வியட்நாம் இலங்கைக்கு ஈடாகாது. எதிலும் மீன் சாறு, பாதிக் கடைகளில் பன்றி. சைகோனில் 1935-ல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் கடைகள் இருப்பதால் தப்பித்தோம். சைவக்காரர்கள் சைவத்தைக் குறிக்கும் "சாய்" என்ற பலகையைத் தேடவேண்டும். கொழும்பிலோ புறக்கோட்டை சம்மாங்கோடு பள்ளியில் தொழுதுவிட்டு வெளியே வந்தால் இடியாப்பமும் சொதியும் தயார். தொதல் என்ற இனிப்பை ஒரு விள்ளல் வாயில் போட்ட உம்மா, "நம்மூர்ல இன்னும் நல்லாக் கிண்டுவாங்க" என்று சொன்னாரே தவிர, பொட்டலத்தைத் தரவில்லை.

செலவில், விமானக் கட்டணம் வியட்நாமுக்கு அதிகம், உள்ளே அறையும் பஸ்ஸும் மலிவு. நம் ஒரு ரூபாய்க்கு முந்நூறு டாங் அளவில் கிடைப்பதால், முதல் நாள் எல்லோரும் கோடீஸ்வரர்கள். பெரியவர்களைக் கூட்டிப்போனால் இலங்கை, ஏனென்றால் பெயர்ப் பலகையில் தமிழ் இருக்கும், பயணமும் குறைவு. இருபது வயதுப் பையன்கள் என்றால் வியட்நாமுக்கு அனுப்புங்கள்.

பிப்ரவரி, மார்ச் இரண்டுக்கும் ஒத்துவரும். அக்டோபர், நவம்பரில் வியட்நாமின் ஹோய் ஆன் ஊர்த் தெருக்களில் படகு விடுவார்கள், அந்த மழையை நம் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம். உம்மா அடுத்த பிப்ரவரிக்கு யாழ்ப்பாணம் கேட்கிறார். நான் ஹனோய் பக்கம் கண் வைத்திருக்கிறேன். விசாவுக்கு போட்டோ மட்டும் இருவரும் எடுத்தாயிற்று.