கொழும்பு–சென்னை: தூரக் கணிப்புத் தளங்களை எவ்வளவுக்கு நம்பலாம்?

கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு ஏறத்தாழ 645 கிலோமீற்றர். விமான நிலையங்களுக்கிடையே தூரம் கணிக்கும் இணையத்தளம் எதைத் திறந்தாலும் இதையே சொல்லும். தூரத்துக்கு அவற்றை நம்பலாம். நேரம் என்று வந்தால்தான் காலை வாரிவிடும்.

தூரத்திலும் ஒரு பொறி உண்டு. வெறுமனே 'கொழும்பு' என்று அடித்தால் சில தளங்கள் நகர மையத்தை எடுக்கும், சில ரத்மலானையிலுள்ள மற்ற விமான நிலையத்தை எடுக்கும். ரத்மலானை கட்டுநாயக்காவுக்குத் தெற்கே 40 கிலோமீற்றர். ஆகவே கட்டுநாயக்காவுக்கு சி.எம்.பி. (CMB), சென்னைக்கு எம்.ஏ.ஏ. (MAA) என்று விமான நிலையக் குறியீட்டையே கொடுங்கள். அலகையும் பாருங்கள். இதே தூரம் 401 மைல், அல்லது 348 கடல் மைல். கடல் மைலை 1.6 ஆல் பெருக்கி 557 கிலோமீற்றர் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. பெருக்க வேண்டியது 1.852 ஆல்.

இனி நேரம். பல தளங்கள் தூரத்தை 800, 850 என்று ஒரே வேகத்தால் வகுத்துவிட்டு 'பறப்பு நேரம் 48 நிமிடம்' என்று போடும். பயணச்சீட்டிலோ ஒரு மணி இருபது, ஒன்றரை மணித்தியாலம் என்றிருக்கும். சீட்டில் உள்ளது விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போன இடத்தில் நிற்கும்வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்துபோவது, மேலேறும்போதும் இறங்கும்போதும் குறைந்த வேகம், சென்னையில் இறங்க வரிசை எல்லாம் அதற்குள் அடக்கம். ஜெட் விமானமென்றால் தூரத்தை 800 ஆல் வகுத்து அரை மணித்தியாலம் கூட்டுங்கள். கிட்டத்தட்டச் சரியாக வரும்.

விமான வகையைக் கேட்காத தளம் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு உதவாது. பலாலி–சென்னை 355 கிலோமீற்றர்தான், கட்டுநாயக்காத் தூரத்தில் பாதியை விடக் கொஞ்சம் கூட. ஆனால் அங்கே வருவது ஏ.ரி.ஆர். 72, காற்றாடி விமானம், மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் போகும். அரை மணித்தியாலத்தையும் கூட்டினால் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும். தூரம் பாதியாகியும் மிச்சப்படுவது ஐந்து, பத்து நிமிடம்!

கட்டுநாயக்காவிலிருந்து லண்டன் ஹீத்ரோ 8,700 கிலோமீற்றர். தளம் போகவும் வரவும் ஒரே நேரத்தைக் காட்டும். உண்மையில் மேற்கே போகும்போது உயரத்தில் வீசும் எதிர்க்காற்று இழுக்கும், திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும். குளிர்காலத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். ஈரான் வான்வெளி மூடப்பட்டால் சுற்றிப் போக வேண்டும். தளம் காட்டும் நேர்கோட்டுக்கு அதெல்லாம் தெரியாது. சீட்டில் இரு முனையிலும் உள்ளூர் நேரமே இருக்கும். கழித்துப் பார்ப்பதானால் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியால வித்தியாசத்தை லண்டன் போகும்போது கூட்டுங்கள், திரும்பும்போது குறையுங்கள்.

இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் இந்தத் தளங்களை விட்டுவிட்டு, விமானத்தைப் பின்தொடரும் செயலியில் அந்தப் பறப்பு இலக்கத்தைத் தேடுவது மேல். முந்தைய சில நாட்களில் உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று கிடக்கும். சராசரியைப் பார்க்காதீர்கள், ஆகப் பிந்திய நாளைப் பாருங்கள். அதிலுள்ளதும் சில்லு தரை தொட்ட நேரமாக இருக்கலாம். கதவு திறக்க இன்னும் பத்து நிமிடமாவது வையுங்கள்.