பால் சாம்பிராணியா, குங்கிலியமா?

மதுரை நாட்டு மருந்துக் கடைகளில் இரண்டும் கிடைக்கும். இரண்டுமே மரத்துப் பிசின்தான், ஆனால் வேலை வேறு.

பால் சாம்பிராணி, சுமத்ரா பக்கத்து ஸ்டைராக்ஸ் மரத்தைக் கீறி வடிப்பது. கட்டியை உடைத்துப் பாருங்கள்: பழுப்புக்குள் பாதாம் பருப்பை நறுக்கிப் பதித்ததுபோல வெள்ளைத் துண்டுகள் தெரிய வேண்டும். பென்சாயிக், சின்னமிக் அமிலங்கள் கொண்டது. வாசனை வெனிலாவை ஒட்டியிருக்கும். குங்கிலியம் நம் நாட்டுச் சால் மரத்துப் பிசின். கண்ணாடிபோல நொறுங்கும், இனிப்பு மணம் இருக்காது.

தூபத்துக்குச் சாம்பிராணிதான் மேல். கங்கு செக்கச்செவேலென்று இருக்கும்போது அள்ளிக் கொட்டினால் உருகிக் கருகி, கண்ணைக் கரிக்கும். கங்கின் மேல் சாம்பல் பூத்த பிறகு கால் தேக்கரண்டிப் பொடி போதும். டர்பென்டைன் நெடியும் கரும்புகையும் வந்தால் ரோசின் (மலிவான பைன் மரப் பிசின்) கலப்படமா என்று சந்தேகப்படுங்கள்.

களிம்புக்குக் குங்கிலியம். நல்லெண்ணெயில் இளஞ்சூட்டில் கரைத்து வடிகட்டி, தண்ணீரில் ஊற்றித் திரும்பத் திரும்பக் கடைந்தால் வெளுத்துத் திரளும். அதுதான் குங்கிலிய வெண்ணெய். தீ கூடினால் பிசின் அடிப்பிடித்துக் கருகும், எண்ணெயில் தீப்பற்றவும் கூடும்.

சாம்பிராணியை ஸ்பிரிட்டில் (ஆல்கஹாலில்) கரைத்த டிஞ்சர் சிலர் தோலில் தடிப்பை உண்டாக்கும். முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். அதில் ஸ்பிரிட் இருப்பதால் விளக்கருகே திறக்காதீர்கள்.

புகை விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. குளித்த கைக்குழந்தையைப் புகையில் காட்டும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தலையைத் துண்டால் ஒற்றினாலே ஈரம் போய்விடும். கரி எரியும்போது ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.